மூன்று பிரதிகளும் பொருந்தின

ஆபீசில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், முப்பது வருடமும் "காப்பி எடுக்கிறேன்" என்றுதான் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் என்னை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நிற்பவள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். என் மாமியார் கடைசிவரை அப்படித்தான் நம்பினார். ஊரில் சொந்தக்காரர்களிடம், "எங்க மருமக சிங்கப்பூர்ல பெரிய ஆபீஸ்ல ஜெராக்ஸ் எடுக்குறா" என்று பெருமையாகவே சொல்வார். நானும் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பொய்யும் இல்லை.

நான் வேலை பார்த்தது ஓர் ஆவணக் காப்பகத்தில். மக்களிடம் எடுத்த பேட்டி, பழைய நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு, விழா வீடியோ என்று எது வந்தாலும், அது பதிவாகியிருக்கும் பொருள் கெட்டுப்போவதற்கு முன்பே அதை இன்னொன்றுக்கு மாற்றிவிட வேண்டும். கேசட்டிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு, அங்கிருந்து கம்ப்யூட்டர் டேப்புக்கு, அந்த டேப்பிலிருந்து அதற்கு அடுத்து வந்த டேப்புக்கு. எதையும் பத்து வருடத்துக்கு மேல் நம்பக் கூடாது. ஒரு அலமாரியை முடிப்பதற்குள் முதல் அலமாரி பழையதாகியிருக்கும். வீட்டில் பாத்திரம் கழுவுவது போலத்தான். முடிந்தது என்று கையைத் துடைக்கும்போது இன்னும் நாலு டம்ளர் வந்து விழும்.

போன மாதம் பழைய ஆபீசில் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். கண்ணாடி அறைக்குள் ஒரு இரும்புக் கை. அதுவே டேப்பை எடுக்கிறது, அதுவே படிக்கிறது, அதுவே பிரதி எடுத்துச் சரிபார்க்கிறது. பக்கத்தில் நின்ற பழைய சகா ஒருவர், "அக்கா, இது தப்பே பண்ணாதாம்லா. நாமதான் எவ்வளவு பண்ணிருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் ரயிலில் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் பண்ணிய தப்பு ஒன்று உண்டு. அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவருக்கு ஜூரோங்கில் வேலை. வீட்டில் சும்மா இருக்க எனக்கு வரவில்லை. காப்பகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டேன். டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் பூட்டத் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன், சேர்த்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் லேபிள் ஒட்டுவதும், மெஷினைத் துடைப்பதும், பூசணம் பிடித்த கேசட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுமாகப் போயிற்று. மூன்றாவது வருடம் என்னை மிஸ் கோவின் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மிஸ் கோ அதிகம் பேச மாட்டார். எங்கள் அறை எப்போதும் குளிராக இருக்கும் என்பதால் எந்நேரமும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். அவர் மேசையில் எல்லாப் பென்சிலும் ஊசி மாதிரி இருந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று நாங்கள் புரிந்துகொள்வோம். பேனாவுக்கு அந்த அறையில் இடமே கிடையாது. டிஸ்க் மேல் மை பட்டால் நாளடைவில் அரித்துவிடும் என்பார். வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே வருகிறவர்கள் பேனாவை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவரிடமும் டின்னை நீட்டினார். அவரும் மறுபேச்சு பேசாமல் போட்டார்.

அப்படிச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கிளம்பும்போது தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "இனிமேல் இதெல்லாம் பத்திரம்தானே?" மிஸ் கோ ஆங்கிலத்தில் ஒரே பதில் வைத்திருந்தார்: "இன்றைக்கு இருக்கிறது." வந்தவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

வேலைமுறையும் அவர் வகுத்ததுதான். கையைக் கழுவித் துடைத்து, ஈரம் போகும்வரை காத்திருக்க வேண்டும். டிஸ்க்கை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து, கீறலோ நிறமாற்றமோ இருந்தால் தாளில் பென்சிலால் குறிக்க வேண்டும். அடுத்ததுதான் முக்கியம். டிஸ்க்கில் இருக்கும் பதிவை முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை கம்ப்யூட்டர் படித்து, கணக்குப் போட்டு, நீளமான ஒரு எண்ணைத் தரும். சரிபார்ப்பு எண் என்போம். பதிவில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மொத்தமாக மாறிவிடும். முதலில் மூலத்துக்கு எண் எடுக்க வேண்டும். அப்புறம் பிரதி. அப்புறம் பிரதிக்கும் எண். இரண்டும் ஒன்றானால்தான் பிரதி சரி. இப்படி மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிடுவோம்.

அதோடு விட மாட்டார். ஹெட்போனை மாட்டி ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் காதால் கேட்டே ஆக வேண்டும். எண்தான் பொருந்திவிட்டதே, எதற்குக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை வாதாடினேன். எண் பொருந்தினால் இரண்டும் ஒன்று என்றுதான் அர்த்தம், இரண்டும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்றார். வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் தப்பு நடந்த சமயம் எங்கள் சிடிகளையெல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மிஸ் கோவுக்குக் கண்ணில் ஒரு சிகிச்சை. இரண்டு வாரம் லீவில் போனார். போகும்போது ஒரு பட்டியலைக் கொடுத்து, முடிந்த அளவுக்குச் செய், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த "மீதி" என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. இவர் இல்லாவிட்டால் வேலை நடக்காதா, மீதியே இல்லாமல் முடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. யாரும் என்னை விரட்டவில்லை. நானாகத்தான் ஓடினேன்.

ஒரு குறிப்பிட்ட வகை சிடி டிஸ்க்குகள் அப்போதே மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன. படிக்க முடியாத இடம் வந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்கும். நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டாவது டிஸ்க்கிலேயே நின்றுகொண்டிருக்கும். மூன்றாம் நாள் பொறுமை போயிற்று. படிக்க முடியாததைத் தாண்டிப் போ என்று ஒரு வசதி இருந்தது, அதை அமுக்கிவிட்டேன். தாண்டிய இடத்தை அது வெறும் மௌனத்தால் நிரப்பிக்கொண்டு போகும். அது எனக்குத் தெரியும். எங்கேயோ அரை விநாடி போகும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு டிஸ்க்கையும் எண்ணுக்கு ஒரு முறை, பிரதிக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. பாதி நேரம் மிச்சமாகட்டும் என்று நேராகப் பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியிலிருந்தே எண்ணை எடுத்து, அதையே மூலத்தின் எண் என்று பதிந்தேன். பிறகு மற்ற இரண்டு பிரதிகளையும் அதிலிருந்து எடுத்தேன். மூன்றும் அழகாகப் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும்? ஒரே அச்சில் வார்த்த இட்லிகள்தானே.

மிஸ் கோ திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தார். எல்லா வரியிலும் டிக். வேகமாக இருக்கிறதே என்றார். மூன்று இடத்திலும் கேட்டாயா என்றார். ஆரம்பத்தை மட்டும் கேட்டிருந்த நான், ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அன்று பென்சில் எதையும் சீவவில்லை. விதிப்படி சில மாதம் கழித்து அந்தப் பழைய டிஸ்க்குகளை அழிக்க அனுப்பினார்கள். "சரிபார்க்கப்பட்டது" என்ற தாளில் கையெழுத்துப் போட்டது நான்.

அப்புறம் பல வருடம் ஓடிவிட்டது. மிஸ் கோ ஓய்வு பெற்றார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன், அதே பிஸ்கட் டின்னை அதே மாதிரி நீட்டினேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை எல்லாப் பிரதிகளையும் சரிபார்த்தோம். ஒவ்வொரு முறையும் எல்லாம் பொருந்தின.

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து சர்ச் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். லூர்து மேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செங்காங்கில் இருக்கிறவர், பல வருடமாக முகம் தெரியும், பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அவர் கணவர் சூசை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்து, சூப்பர்வைசராகி, நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைத்ததும் மனைவியைக் கூட்டிவந்தவர். நாலு வருடம் முன்னால் அவருக்குத் தொண்டையில் கேன்சர். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் வைத்த துளைமேல் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வருவார். பேச வேண்டியதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார். தாடைக்குக் கீழே வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்; அதில் வரும் ரீங்காரம் பிடிக்காமல் டிராயரில் போட்டுவிட்டார்.

கப்பல் பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பேட்டி வரிசை எடுத்தபோது சூசையும் பேசியிருக்கிறாராம். அதன் எழுத்துப் படியும் ஒரு டிஸ்க்கும் வீட்டில் இருந்ததாம். டிஸ்க்கை ஷோகேசில் சன்னல் பக்கம் வைத்திருந்ததில் வெயில் பட்டே போய்விட்டது, எந்த மெஷினும் படிக்கவில்லை என்றார். எழுதினது இருக்கிறதே என்று கேட்டேன். அப்போதுதான் கொஞ்சம் குனிந்து, கேன்டீன் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எழுதினது இருக்குக்கா. நாலு வாட்டி படிச்சிட்டேன். அவரு சொன்னதெல்லாம் இருக்கு, அவரு கொரலு வரமாட்டேங்குது. எனக்கு அவரு கொரலு மறந்துபோச்சுக்கா. ஆளு பக்கத்துலயேதான் உக்காந்திருக்காரு. நான் எப்படிச் சொல்லுவேன் அவருகிட்ட?"

கைபேசியில் எதுவும் இல்லையா என்றேன். எல்லாரும் போட்டோதான் எடுத்தோம், வீடியோ எடுத்தால் அவர் கேமராவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார் என்றார். நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். கவலையே படாதீங்க, எங்ககிட்ட ஒண்ணுக்கு மூணா இருக்கு என்று பெரிதாகச் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

திங்கட்கிழமை காலையில் கோப்பைத் திறந்தேன். பேட்டி எடுத்தவருக்குத் தன் குரல்மேல் கொஞ்சம் பிரியம் அதிகம். முதல் ஆறு நிமிடம் அவரே மேடைத் தமிழில் முழங்கினார். பிறகு தங்கள் பெயர் என்ன என்றார். "என் பெயர் சூசை" என்று ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிப்பது போல. தாங்கள் சிங்கப்பூருக்கு எப்போது வந்தீர்கள் என்றார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். நடுவில் வைத்துக் கேட்டேன், முடிவில் வைத்துக் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுத்தமான மௌனம். இரண்டாவது பிரதியை எடுத்தேன். வேறு கட்டடத்தில் இருந்த மூன்றாவதையும் வரவழைத்தேன். மூன்று பிரதிகளும் புள்ளி பிசகாமல் பொருந்தின. பதிவேட்டில் தேதி, பக்கத்தில் என் பெயர்.

சிடியில் பதிவு உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளியே போகும்; கெடுவதும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் தொடங்கும். அந்த டிஸ்க் அன்றைக்கே பெரும்பகுதி போயிருக்கிறது. நான் முறையாகச் செய்திருந்தால் கம்ப்யூட்டர் நின்று கேட்டிருக்கும். வேறு மெஷினில் வைத்து, மெதுவாக ஓட்டி, பாதியையாவது மீட்டிருக்கலாம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மிஸ் கோ ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை காலையில் டேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வருவார் என்று தெரியும். போன் பண்ணிவிட்டுப் போனேன். கோப்பிக்கடையில் எதிரில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வீம்பு, தாண்டிப் போகச் சொன்ன வசதி, பிரதியிலிருந்து எடுத்த எண், கேட்டேன் என்று சொன்ன பொய், எல்லாம். அவர் குடித்தது சர்க்கரை போடாத கோப்பி. அதைக் கரண்டியால் ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. முதலில் கேட்டது, அந்த இரண்டு வாரத்தில் மொத்தம் எத்தனை டிஸ்க் என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சூசையின் பேட்டியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவை என் தலையில் ஏறவே இல்லை.

பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "முதலில் பதிவேட்டில் எழுது, உன் பெயரைப் போட்டு. அந்தக் குடும்பத்திடமும் சொல்லிவிடு. தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம். தேடிக் கிடைத்துவிட்டால் உனக்கு எழுத மனசு வராது."

சரி என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், நின்றார். அன்றைக்கு நானும் ஒன்றை எடுத்துக் கேட்டிருக்க வேண்டும், கண் வலியில் உன் வார்த்தையை நம்பிவிட்டேன் என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போகும்போது, அந்தப் பதிவு நம் கைக்கு வந்த பிறகு வேறு யார் கைக்கெல்லாம் போனது என்று யோசி என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

பதிவேட்டில் எழுதினேன். மேலே தெரிவித்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நியாயம்தான். அந்தப் பட்டியல் முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். இன்னும் சில பேட்டிகளிலும் அதே மௌனம் இருந்தது.

செங்காங் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். சூசை அண்ணன் கதவைத் திறந்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். நல்ல உயரம், வெல்டர் கைகள், முழங்கை வரைக்கும் பொறி பட்ட தழும்புகள். பேரனுக்குக் கேட்கக் கொடுக்கத்தான் மனைவி அந்தப் பதிவைத் தேடுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். என் கையெழுத்து, என் பொய் என்றும் சொன்னேன். லூர்து எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். சூசை அண்ணன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெரிய பெரிய எழுத்து. எழுதி முடிக்கும்வரை மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

நோட்டைத் திருப்பிக் காட்டினார். "நானும் மோசமா வெல்டிங் போட்டு மேல பெயிண்ட் அடிச்சிருக்கேன், வந்த புதுசுல. ராத்திரி தூக்கம் வராது. மறுநாள் நானே போய் ஃபோர்மேன்ட்ட சொல்லிப் பிரிச்சேன். நீங்க வந்து சொன்னீங்கல்ல. டீ குடிங்க."

லூர்து கொண்டுவந்து வைத்த டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தேன். லிஃப்ட் வரை லூர்து வந்தார். லிஃப்ட் வரும் நேரத்தில், "பரவால்லக்கா" என்றார். அந்தப் பரவாயில்லையோடு நான் தரைத்தளம் வரை இறங்கினேன்.

யார் கைக்குப் போனது என்று மிஸ் கோ கேட்டதற்குப் பதில் பழைய கடிதக் கட்டில் கிடைத்தது. பேட்டி வந்த கையோடு அதைக் கேட்டு எழுத்தில் தர வெளியாட்களை வைத்திருந்தோம். அவர்களுக்குச் சின்னக் கோப்பாக, தரம் குறைத்து ஒரு பிரதி கொடுப்போம். எழுதி முடித்ததும் டிஸ்க்கைத் திருப்பித் தந்துவிட்டு, தங்களிடம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். சூசையின் பேட்டியை எழுதியவர் வசந்தி என்று ஒருவர். அவரும் திருப்பித் தந்திருந்தார், கையெழுத்தும் போட்டிருந்தார். இருந்தாலும் தேடிப்பிடித்து பொங்கோலில் இருந்த வீட்டுக்குப் போனேன்.

வசந்தி ஒரு ஐ.டி. இன்ஜினியரின் மனைவி, அப்போது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதிக்கொடுத்தவர். நான் யார் என்று சொன்னதுமே முகம் மாறிவிட்டது. குழந்தை டிஸ்க்கைக் கடித்துவிடுமோ என்று பயந்து, எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்துத்தான் வேலை செய்வாராம். அழித்தோமா இல்லையா என்று ஞாபகமில்லையாம்.

"அழிச்சிருக்கணும்லா, தெரியும். சைன் வேற போட்டேன். ஆனா நான் எதையுமே டிலீட் பண்ண மாட்டேன் மேடம், அவ்வளவு சோம்பேறி. புது லேப்டாப் வாங்கினா பழசை அப்படியே அள்ளி உள்ள போட்டுருவேன்."

திறந்து காட்டினார். "பழையது" என்று ஒரு கோப்புறை. அதற்குள் அவருடைய முந்தைய லேப்டாப் முழுசாக இருந்தது. அதற்குள் இன்னொரு "பழையது", அதற்கு முந்தையது. அதற்குள்ளும் ஒன்று. மகளின் எல்.கே.ஜி. நடனம், வாடகை ஒப்பந்தம், கேரட் அல்வா செய்முறை எல்லாம் கலந்து கிடந்தன. ஐந்து அடுக்கு இறங்கியதும் எங்கள் பேட்டி எண் போட்ட கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. வசந்தியே அதைத் திறந்தார். நான் சொன்னபடி ஆறு நிமிடத்தைத் தாண்டி வைத்தார்.

போனில் பேசுவது போல மெலிந்த ஒலி. ஆனால் ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தார். கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கினால் நெருப்புக்கு நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தார். நான் வசந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். விதி வைத்திருந்த நாங்கள் தொலைத்துவிட்டோம். இவர் வீட்டில் ஐந்து லேப்டாப் மாறியும் இருந்தது. பாவம், அவர் தன்மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்றே கடைசிவரை பயந்துகொண்டிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து, எதையும் தொடுவதற்கு முன்னால், எண்ணை எடுத்தேன். அப்புறம்தான் பிரதி. ஆபீசில் முதலிலிருந்து கடைசிவரை முழுதும் கேட்டேன். பதிவேட்டில், மூலம் என் தவறால் இழக்கப்பட்டது என்று முன்பே எழுதியிருந்த வரிக்குக் கீழே, இது தரம் குறைந்த பிரதி, கேட்டு எழுதியவரின் வீட்டிலிருந்து பெறப்பட்டது என்று எழுதினேன். மிஸ் கோ சொன்னது சரிதான். அந்த முதல் வரியை ஏற்கெனவே எழுதியிராவிட்டால் அன்று எனக்குக் கை வந்திருக்காது.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். லூர்து பட்டுப்புடவை கட்டியிருந்தார். சூசை அண்ணன் புது கைக்குட்டை. கேட்கும் அறையில் மூன்று நாற்காலி, ஒரு ஸ்பீக்கர். எனக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. இந்த மெலிந்த ஒலியைக் கேட்டுவிட்டு, இது அவர் குரல் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டால் என்ன செய்வது? மறந்த ஒன்றை எதை வைத்து அடையாளம் காண்பது?

மேடைத் தமிழ் ஆறு நிமிடத்தை விட்டுவிட்டேன். "என் பெயர் சூசை" வந்தது. லூர்து முகத்தில் எதுவும் தெரியவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தொட்டி, சூடு, வெல்டிங் கண்ணாடி, பங்களாதேஷ் நண்பர் ஒருவர் கொடுத்த ஊறுகாய் என்று பேச்சு போயிற்று. மெல்ல மெல்ல சூசையின் பேச்சிலிருந்து கூச்சம் கழன்றது. எதையோ சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பு வந்தது.

"ஆமா" என்றார் லூர்து, தனக்குத்தானே. "இப்படித்தான்."

சூசை அண்ணன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த "இப்படித்தான்" என்பதிலிருந்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நோட்டைத் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

பேட்டி அவர்கள் வீட்டு ஹாலில் எடுத்தது. இருபதாவது நிமிடத்தில் குக்கர் விசில் அடித்தது. சூசை பேச்சை நிறுத்தி, உள்ளே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். எழுத்துப் படியில் அந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான் இருந்தன. ஆபீசில் கேட்டபோது நானும் அதை வீட்டு இரைச்சல் என்றுதான் விட்டிருந்தேன்.

"லூர்து, சாருக்கு ஒரு டீ கொண்டாம்மா" என்றது ஸ்பீக்கர்.

"இந்தா வர்றேங்க" என்று லூர்து பாதி எழுந்துவிட்டார். அதே நேரம் ஸ்பீக்கருக்குள்ளிருந்தும், தூரத்தில், ஓர் இளம் பெண் குரல் அதையே சொன்னது.

நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டார். சூசை அண்ணன் சிரித்தார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது, கண்ணீர் வழிந்தது. அவர் லூர்துவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, என்னைப் பார்த்து விரலைச் சுழற்றினார். பழைய டேப்பைப் பின்னால் ஓட்டச் சொல்வது போல. ஓட்டினேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி விரலைச் சுழற்றினார். அந்த இடத்தை அன்று எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் லூர்து பதில் சொன்னார்.